நாற்பதில் வரும் முதுமை: உயரம் குறைந்தோரின் மூட்டுவலியும் சென்னையின் படிகளும்

கேள்வி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குள்ளத்தன்மையைத் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் அதற்கு இடமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அது தனியாக எண்ணப்படவில்லை. ஆகவே புதிய சட்டத்தைப் பெரிய முன்னேற்றம் என்று சொல்வதில் தவறில்லை. சட்டம் தரும் வரையறை ஒரே வரியில் முடிகிறது: மருத்துவக் காரணத்தாலோ மரபணுக் காரணத்தாலோ, வளர்ந்து முடித்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலம் (147 செ.மீ.) அல்லது அதற்கும் குறைவாக இருத்தல்.

இந்த வரையறை உயரத்தோடு நின்றுவிடுகிறது. வளர்ச்சி முடிந்த பிறகு உயரம் மாறப்போவதில்லை. மூட்டும் முதுகெலும்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருபத்தைந்து வயதில் தி. நகர் பேருந்து நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு வழியாக மாம்பலம் ரயில் நிலையம்வரை நிற்காமல் நடந்தவர், நாற்பத்தைந்தில் பாதி வழியிலேயே உட்கார இடம் தேட வேண்டியிருக்கலாம். சான்றிதழில் உயரத்தை வைத்துப் போட்ட குறைபாட்டு விழுக்காடு இந்த இரு வயதுகளிலும் ஒன்றுதான். உயரம் குறைந்தோருக்கு வயது ஏறும்போது அவர்களுடைய வலிக்கும் நடைக்கும் என்ன நேர்கிறது? மருத்துவமும் சட்டமும் சென்னை போன்ற ஒரு நகரமும் அதை எந்த அளவுகோல் கொண்டு பார்க்கின்றன? இவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் உயரத்தை அளக்கிறது, முதியோர் மருத்துவம் வயதை அளக்கிறது. நாற்பதுகளில் வலியோடு இருப்பவர் இந்த இரண்டு கோல்களுக்கும் அகப்படுவதில்லை.

ஒரே உயரம், வேறு வேறு வலி

குள்ளத்தன்மை ஒரே நோயின் பெயரன்று. எலும்பு வளர்ச்சி பிறழும் நூற்றுக்கணக்கான மரபணுக் கோளாறுகள் அதற்குள் அடங்கும். அவற்றில் மிகப் பரவலானது அகோண்ட்ரோபிளேசியா. எலும்பு நீள்வதற்குத் தடைபோடும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றமே இதற்குக் காரணம் என்று 1994இல் தெரியவந்தது. இப்படிப் பிறப்போரில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரமுள்ளவர்களே. வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 131 செ.மீ., பெண்களுக்கு 124 செ.மீ. என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இங்கே பொதுப்புத்தி தவறிப்போகும் ஓர் இடம் உண்டு. வளைந்த கால்களைப் பார்த்ததும் முழங்கால்தான் முதலில் தேயும் என்று நினைக்கிறோம். அகோண்ட்ரோபிளேசியாவில் மூட்டுக் குருத்தெலும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. தொல்லை முதுகில் இருக்கிறது. முள்ளெலும்பின் காம்புகள் குட்டையாகவும் தடித்தும் இருப்பதால் தண்டுவடக் குழாய் பிறவியிலேயே குறுகல். இடுப்பை நோக்கி இறங்க இறங்க இன்னும் குறுகும். இளமையில் நரம்புகள் அந்த இடத்துக்குள் ஒருவாறு சமாளித்துக்கொள்கின்றன. வயது ஏறும்போது வட்டுகள் பிதுங்குகின்றன, தசைநார்கள் தடிக்கின்றன, மிச்சமிருந்த இடமும் போய்விடுகிறது. நார்வேயில் அகோண்ட்ரோபிளேசியா உள்ள 50 பெரியவர்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களில் 68 விழுக்காட்டினருக்குத் தண்டுவடக் குழாய்ச் சுருக்கத்தின் அறிகுறிகள் இருந்தன. முதல் அறிகுறி தோன்றிய வயதின் இடைநிலை 33.

இந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனக்கும், மரத்துப்போகும், எரியும். முன்னால் குனிந்தாலோ குந்தி உட்கார்ந்தாலோ சில நிமிடங்களில் அடங்கும். எழுந்து நடந்தால் அதே தூரத்தில் மறுபடி வரும். லஸ் முனையில் கடை வாசல் படியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து எழுந்து போவதைப் பார்ப்பவர்கள் களைப்பு என்று நினைப்பார்கள். மருத்துவரிடம் “காலு வலிக்குது” என்று சொன்னால் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கப்படும். அதில் வளைவு தெரியும். “முட்டி தேய்ஞ்சிருக்கு” என்று மாத்திரை வரும். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க யாருக்கும் தோன்றாமலேயே ஆண்டுகள் போய்விடலாம். நரம்பு நீண்ட நாள் நசுங்கிக் கிடந்தபின் அறுவை செய்தால் இழந்த பலம் முழுதாகத் திரும்புவது கடினம். சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மூட்டுவலி என்ற சொல்லுக்குள் இவ்வளவும் புதைந்துபோகிறது என்பதுதான் என்னை இந்தத் தலைப்புக்கு இழுத்தது.

சூடோஅகோண்ட்ரோபிளேசியாவின் கதை வேறு. பெயர் ஒத்திருந்தாலும் மரபணு வேறு. 1995இல் அடையாளம் காணப்பட்ட காம்ப் என்னும் மரபணு. பிறக்கும்போது குழந்தை சராசரி நீளத்தில் இருக்கும்; நடை பழகும் வயதில்தான் வேறுபாடு தெரியத் தொடங்கும். இங்கே வலி மெய்யாகவே மூட்டில்தான். இடுப்பு மூட்டும் முழங்காலும் இளம் வயதிலேயே தேய்ந்து, முப்பதுகளிலேயே மாற்று மூட்டு தேவைப்படுவோர் பலர். இன்னொரு கோளாறில் விரல் மூட்டுகள் வீங்கும். அதைச் சிறுவயது முடக்குவாதம் என்று தவறாக எண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய கோளாறு அது. மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில் இதை மருத்துவர்கள் நினைவில் வைத்திருப்பது அவசியம்.

மலநாட்டுச் சான்று

நம் பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஒரு முழு ஊரே சான்றாக நிற்கிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், சாகர தாலுகாவில் ஹந்திகோடு என்ற கிராமம். 1970களின் நடுவில் அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களில் இடுப்பு மூட்டு வலி பரவலாக இருப்பது வெளியே தெரிந்தது. சிலருக்கு வலி மட்டும். சிலருக்கு வலியோடு உயரக் குறைவும் இருந்தது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆராய்ந்தது. பூச்சிமருந்து தெளித்த வயல்களில் பிடித்த நண்டைத் தின்றதே காரணமோ என்ற ஐயம் தொடக்கத்தில் எழுந்தது. வறுமையும் சாதியும் உணவும் கலந்த அந்த விளக்கம் நம்பத்தக்கதாகவே தோன்றியிருக்க வேண்டும். பிற்கால ஆய்வுகள் அது தலைமுறை தலைமுறையாக இறங்கும் மரபணுக் கோளாறு என்று நிறுவின.

ஹந்திகோட்டில் ஆய்வாளர்கள் முதலில் கண்டது மூட்டை. உயரம் அப்புறம்தான் வந்தது. 1977இல் வெளியான ஆய்வு அதை மலநாட்டில் காணப்படும் குடும்ப மூட்டுநோய் என்றே அழைத்தது. ஒரே குடும்பத்தில் உயரமான அண்ணனும் உயரம் குறைந்த தங்கையும் ஒரே இடுப்பு வலியால் நடை தளர்ந்தால், 147 செ.மீ. என்ற கோடு அவர்களை இரண்டாகப் பிரித்துவிடும். உயரம் ஒரு நோயின் வெளிப்பாடு. முடக்குவதோ பெரும்பாலும் வேறொன்று. நம் சட்டமும் மருத்துவமும் ஹந்திகோட்டிலிருந்து இதைக் கற்றிருக்கலாம்.

படிகளின் கணக்கு

அகோண்ட்ரோபிளேசியாவில் உடம்பின் நடுப்பகுதி ஏறக்குறைய சராசரி நீளம். கைகளும் கால்களும்தான் குட்டை. 125 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குக் கால் நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பொதுக் கட்டடங்களுக்கு விதிகள் சொல்லும் படியின் உயரம் 15 செ.மீ.; அது அவர் காலில் மூன்றில் ஒரு பங்கு. 80 செ.மீ. கால் உள்ளவருக்கு அதே விகிதத்தில் படி கட்டினால் 27 செ.மீ. உயரம் வரும். அப்படி ஒரு மாடிப்படியை யாரும் கட்டமாட்டார்கள்.

பேருந்தில் கணக்கு இன்னும் மோசம். பழைய வகை நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மி.மீ. உயரம். முதல் படியே 40 செ.மீ. அளவில் இருக்கும், ஏறக்குறைய அவர் முழுக் கால் அளவு. காலை மடக்கித் தூக்க வழியில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைப் பக்கவாட்டில் வீசி, முழங்காலை முதலில் படியில் ஊன்றி, உடம்பை மேலே இழுக்க வேண்டும். இறங்கும்போது கடைசிப் படியிலிருந்து குதிக்க வேண்டும். அந்த அதிர்ச்சி முழுவதும் நேரே இடுப்பு முதுகில் போய் இறங்குகிறது. சென்னையில் தாழ்தளப் பேருந்து கோரி மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் வழக்கு நடத்தினார். அதன் பின்னணியில்தான் 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. அவற்றின் தளம் 400 மி.மீ.; நிறுத்தத்தில் கதவுப் பக்கம் இன்னும் தாழும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்றே இந்தப் பேருந்து பேசப்படுகிறது. உயரம் குறைந்தோரின் இடுப்பையும் முதுகையும் அது காப்பாற்றித் தரக்கூடும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பறக்கும் ரயில் பாதையில் திருமயிலை, மந்தைவெளி, கஸ்தூரிபா நகர் நிலையங்களின் நடைமேடைகள் தெருமட்டத்துக்கு வெகு உயரே இருக்கின்றன. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையில் மின்தூக்கி உண்டு. பாதையின் நீளம் 570 மீட்டர். நூறு மீட்டருக்கு ஒருமுறை உட்கார வேண்டியவருக்கு மின்தூக்கி அளவுக்கு பெஞ்சும் முக்கியம். நடைபாதை 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012 நெறி. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைவளாகம் ஒரு நல்ல முன்மாதிரி; அதிலிருந்து விலகி உட்தெருவுக்குள் திரும்பினால் நிலைமை மாறிவிடுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கோட்டூர்புரம் பகுதிகளில் வீட்டைத் திரும்பக் கட்டுவோர் தளத்தை உயர்த்துவது வழக்கமாகிவிட்டது. தண்ணீருக்குப் பயந்து செய்வதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காருக்குச் சரிவு, மனிதருக்குப் படி என்று அமையும்போது யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே தடுக்கப்படுகிறார்.

குறை உடம்பில் இல்லை, படியில் இருக்கிறது என்று மாற்றுத்திறனாளி இயக்கங்கள் வலியுறுத்தி வந்திருக்கின்றன. அந்தப் பார்வைக்கு நாம் பட்ட கடன் பெரிது. இருந்தாலும் இந்த விஷயத்தில் அது பாதி உண்மைதான். தண்டுவடக் குழாயைப் பேருந்துப் படி சுருக்குவதில்லை. எல்லாப் படிகளையும் இடித்துச் சமன்செய்தாலும் நரம்பு நசுங்கும். மருத்துவம் மட்டும் போதும் என்பதும் அதே அளவுக்கு ஒருதலைப்பட்சம். முதுகு அறுவை முடிந்து வீட்டுக்கு வருபவர் லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வாரியக் குடியிருப்பில்தான் ஏற வேண்டியிருக்கும்.

சான்றிதழின் கணக்கு

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிகளின்படி, 4 அடி 10 அங்குலத்துக்குக் கீழே ஒவ்வோர் அங்குலத்துக்கும் 4 விழுக்காடு. சட்டம் தரும் முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். அதாவது உயரத்தை மட்டும் வைத்து அந்த இடத்தை எட்ட ஒருவர் 4 அடி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். மேலே சொன்ன சராசரிகளை இதில் போட்டுப் பார்த்தேன். 131 செ.மீ. ஆணுக்கு ஏறக்குறைய 26 விழுக்காடு, 124 செ.மீ. பெண்ணுக்கு 37. உலகிலேயே மிகப் பரவலான குள்ளத்தன்மை உள்ள சராசரி ஆணும் பெண்ணும் உயரக் கணக்கில் மட்டும் நின்றால் தகுதி பெறமாட்டார்கள்.

நெறிகளுக்கு நியாயம் செய்ய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூடவே இருக்கும் எலும்புக் குறைபாடுகளைத் தனியே மதிப்பிட்டு ஒரு சூத்திரத்தின்படி சேர்க்க அவை இடம் தருகின்றன. கதவு அங்கே திறந்துதான் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் முகாமில் அளவுகோலைச் சுவரில் சாய்த்து உயரம் குறிப்பது ஒரு நிமிட வேலை. தண்டுவடக் குழாயைப் பார்ப்பது அப்படியன்று. குணமாக வாய்ப்பில்லாத குறைபாட்டுக்கு நிரந்தரச் சான்று வழங்குவது நல்ல எண்ணத்தில் ஏற்பட்ட விதி. இருபது வயதில் வாங்கிய அந்த நிரந்தரம், நாற்பதில் நிலை மோசமானதைப் பதிவு செய்யும் தூண்டுதலையும் எடுத்துவிடுகிறது.

நீதிமன்றங்கள் வேறு திசையில் நகரத் தொடங்கியுள்ளன. மருத்துவப் படிப்புச் சேர்க்கை குறித்த ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில், விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் அவரால் என்ன செய்ய இயலும் என்பதை மதிப்பிட வேண்டும் என்றது. அடுத்த மாதம் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் கெடு கொடுத்தது. முதல் தீர்ப்பின் தர்க்கத்தை மூட்டுக்கும் நீட்டலாம். எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடிகிறது, எத்தனை படி ஏற முடிகிறது என்று பத்தாண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பதிவு செய்வது எந்த மருத்துவக் குழுவுக்கும் கடினமில்லை.

மருந்து ஆராய்ச்சியும் உயரத்தின் பின்னேதான் போகிறது. 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற வோசோரிடைட், வளர்ந்துகொண்டிருக்கும் அகோண்ட்ரோபிளேசியா குழந்தைகளுக்கான ஊசி. ஆய்வில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 1.6 செ.மீ. கூடுதல் வளர்ச்சி தந்தது. வளர்ச்சி முடிந்துவிட்ட பெரியவர்களுக்கு அதனால் பயன் இல்லை. நம் பொதுக் கற்பனையிலும் இவர்கள் இளமையாகவே நிற்கிறார்கள். 1989இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் சர்க்கஸ் அப்பு இளைஞன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் குறைந்தோருக்கான பாட்மிண்டன் பிரிவில் வெண்கலம் வென்ற தமிழ்நாட்டின் நித்யஸ்ரீ சிவனைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஐம்பது வயது உயரம் குறைந்த பெண் ஒருவர் கதையிலோ செய்தியிலோ எங்கே வருகிறார் என்று தேடினால் பதில் சுருங்கிப்போகிறது.

வீட்டுக்குள்

வலியோடு வாழும் கலை பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறது. நோய் எது என்று தெரியாமல் அதில் இறங்கினால் தவறாகிவிடும். பழைய தமிழ் வீட்டில் அடுப்பும் அம்மியும் அரிவாள்மணையும் தரையில் இருந்தன. எட்டாத உயரம் என்ற பிரச்சினை சமையலறையில் இல்லை. அகோண்ட்ரோபிளேசியாவில் குந்தி உட்காருவது முதுகுக்கு இதமாகவும் இருக்கும். இடுப்பு மூட்டு தேய்ந்த சூடோஅகோண்ட்ரோபிளேசியாக்காரருக்கோ தரையிலிருந்து எழுவதே பெரும் சித்திரவதை. இன்றைய சமையல் மேடை 80 செ.மீ.க்கு மேல், நான்கடி உயரமுள்ளவருக்கு அது நெஞ்சு மட்டம். பலரும் ஸ்டூல் போட்டு ஏறுகிறார்கள். குக்கரை இறக்க ஒருமுறை, உப்பை எடுக்க ஒருமுறை என்று ஒரு வேளைச் சமையலுக்குள் எத்தனையோ தடவை ஏறி இறங்க நேரும். ஒவ்வொன்றும் விழக்கூடிய தருணம். மேடை நீளத்துக்கும் ஓடும் அகலமான மரப்பலகைத் தளம் ஒன்றை நிலையாகப் பொருத்திவிட்டால் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். தச்சருக்கு இது அரை நாள் வேலை.

கழிப்பறையிலும் இதே இரட்டைச் சிக்கல்தான். மேல்நாட்டுக் கோப்பையின் உயரம் 40 செ.மீ. அளவு, கால் தரையில் படாமல் தொங்கும், தொடை நரம்பு அழுந்தும், முதுகு உள்வாங்கும். காலுக்குக் கீழே அசையாத பலகை ஒன்றும் பக்கச் சுவரில் கைப்பிடியும் வைத்தால் பாதித் தொல்லை தீரும். கைத்தடி வாங்கப் போனால் பெரியவர் அளவு நீளமாக இருக்கும். குழந்தை அளவு பொருத்தமாகத் தோன்றினாலும் அது ஐம்பது, அறுபது கிலோ எடைக்குச் செய்ததன்று. மரத்தடியை வாங்கி அளவு பார்த்து அறுத்து, புது ரப்பர் குல்லாய் போடுவதே பாதுகாப்பு. காமராசர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் 2022இல் திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸில் உதவிக் கருவிகளைத் தொட்டுப் பயன்படுத்திப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகமும் அதே வளாகத்தில் இருக்கிறது.

எடை பற்றிய அறிவுரை எல்லாருக்கும் கிடைக்கிறது. உடல் எடைக் குறியீடு சராசரி உடல் விகிதத்துக்கு உருவானது. இவர்களிடம் அது தவறான எண்ணைக் காட்டும். அதற்காக எடையை விட்டுவிடவும் முடியாது. சிறிய உடம்புக்குத் தேவையான உணவும் குறைவு. குடும்பத்தோடு அதே அளவு சோறு என்பது இங்கே மூட்டின் மேல் ஏறும் சுமை. நீச்சல் நல்ல பயிற்சி, ஆனால் பொதுக் குளங்களில் ஆழம் குறைந்த முனையே தோள்வரை வந்துவிடும். துணையின்றி இறங்கக் கூடாது. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. எலும்பு வளர்ச்சிக் கோளாறு உள்ள பெரியவர்களை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தால் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

மூட்டு மாற்று அறுவை என்று வந்தால் கடையில் கிடைக்கும் அளவுகள் பொருந்தாமல் போகலாம். தொடை எலும்பின் குழாய் குறுகல், வளைவு அதிகம்; ஸ்கேன் எடுத்துத் தனியாகச் செய்ய வேண்டிவரும். மயக்க மருந்து கொடுப்பதிலும் கழுத்தைக் கையாள்வதிலும் தனிக் கவனம் வேண்டும். இந்தத் திறமை சென்னைக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. எலும்புப் புற்றுநோயாளிகளுக்கு ஆளுக்கேற்ற பொய்மூட்டுகளைச் செய்து பொருத்துவதில் எலும்பு அறுவை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் இங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியிருக்கிறார்.

வயது என்னும் கோல்

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித் துறையாகத் தொடங்கியது சென்னையில். 1978இல் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் அதற்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தது. விழுதல், நடைத்தளர்ச்சி, பல மாத்திரைகளின் மோதல், நாள்பட்ட வலி என உயரம் குறைந்த ஒருவருக்கு நாற்பத்திரண்டு வயதில் தேவைப்படும் அறிவெல்லாம் ஒரே கூரையின் கீழ் அங்கே இருக்கிறது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007 முதியவர் என்பதற்கு 60 வயது என்று கோடு போட்டது. மரபணு போட்ட கோடு அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

எலும்பு வளர்ச்சிக் கோளாறு உள்ளோருக்கு மட்டும் 35 வயதிலிருந்தே இத்தகைய மையங்களில் பதிவு செய்ய அனுமதிப்பது, முதல் வருகையில் முதுகெலும்புப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நடை தூரமும் கால் உணர்ச்சியும் சரிபார்ப்பது, அந்தப் பதிவையே சான்றிதழின் மறுமதிப்பீட்டுக்கும் ஏற்பது: இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். எண்ணிக்கையில் இவர்கள் மிகக் குறைவு என்பதால் செலவும் குறைவு. அகோண்ட்ரோபிளேசியா 20,000 முதல் 30,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் பொதுக் கணக்கை எடுத்துக்கொண்டால், சென்னை அளவுள்ள நகரத்தில் அவர்களைச் சில நூறு பேர் என்றுதான் எண்ண வேண்டியிருக்கும். அவ்வளவு பேரையும் பெயர் சொல்லி அழைத்து முதுகைப் பரிசோதிக்க ஒரு மருத்துவமனையால் ஓராண்டில் முடியும்.